நிலாவுக்குப் போகிறவர்களும் பச்சையம்மாவின் குடமும்

நிலாவில் போய்க் குடியிருப்பது எப்படி என்று பேச என்னைப் பெங்களூருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்ரீராம்புரத்தில் போய்க் குடியிருக்க முடியுமா என்று பார்த்துவரச் சொல்லி அம்மா அனுப்பினாள். இரண்டு வேலைக்கும் ஒரே விமான டிக்கெட்.

சிங்கப்பூரில் என் பிழைப்பு, அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடியும் குடிக்க வைப்பது. சாக்கடை என்ஜினியர் என்றால் சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று என் மனைவி ‘வாட்டர் டிபார்ட்மென்ட்’ என்று சொல்லிச் சமாளிப்பாள். நிலாவுக்குப் போய்ச் சில நாளில் திரும்புகிறவர்கள் தண்ணீரைக் கையோடு கொண்டுபோகலாம். அங்கேயே தங்குகிறவர்கள் குடித்த தண்ணீரையேதான் திரும்பத் திரும்பக் குடித்தாக வேண்டும். அதனால் விண்வெளிக்காரர்களுக்குத் திடீரென்று எங்கள் ஜாதியின் மேல் பிரியம் வந்துவிட்டது.

அம்மாவுக்கு எங்கள் அடுக்குமாடி வீட்டின் மேல் எந்தப் பிரியமும் வரவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது, அதுதான் அவளுக்குப் பெரிய குறை. தண்ணீருக்கு நிற்காத ஊரில் யாரிடம் பேசுவது என்பாள். நான் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, எங்கள் பழைய பக்கத்து வீட்டு ரத்னம்மா போன் செய்து, நாங்கள் முன்பு குடியிருந்த அறை காலியாகிவிட்டது என்று சொல்லிவிட்டாள். அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

“நான் போயி இருந்துக்கிறேன்டா.”

“எழுவது வயசுக்கு மேல தனியா எப்டிம்மா?”

“ரத்னம்மா இல்ல? நீதான் போறியே, பாத்துட்டு வா. முடியாதுன்னு நீ சொல்லிட்டா, அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

அம்மா சொன்னால் சொன்னதுதான். நான் ‘முடியாது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் வாழ்நாளுக்கும் வாயைத் திறக்கமாட்டாள். அந்த வார்த்தைக்குப் பொருத்தமாக ஒரு காரணம் கிடைக்காதா என்று தேடிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

பெங்களூரில் இறங்கியதும் காற்று முகத்தில் பட்டது. அதே காற்று. விமான நிலையத்தில் ஃபேன் இல்லாமலே குளிர்ந்தது. மேம்பாலங்கள் புதிதாக முளைத்திருந்தன, கண்ணாடிக் கட்டடங்கள் வந்திருந்தன, மூலைக்கு மூலை இன்டர்நெட் கடை. ஆனால் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் அப்படியே நின்றன. பிறந்து வளர்ந்த ஊரில் ‘இந்தியாவுக்கு முதல் தடவையா சார்?’ என்று டாக்சிக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இல்லை என்றால் கதை முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

விருந்தினர் விடுதியில் என் பக்கத்து அறையில் மோரி என்ற ஜப்பானியர் இருந்தார். நிலாவில் வீடு கட்டுவது அவர் துறை. பள்ளம் தோண்டி, அதற்குள் வீட்டை வைத்து, மேலே நிலா மண்ணையே கொட்டி மூடிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. காற்று இல்லாத இடத்தில் வெயிலும் கதிர்வீச்சும் ஆளைக் கொன்றுவிடும், மண்தான் கூரை. காலையில் அவரை ஒரு தர்ஷினிக்கு அழைத்துப்போனேன். நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டல் அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஒரே தட்டில் உப்புமா மாதிரிக் காரா பாத்தும் இனிப்பான கேசரி பாத்தும் வந்ததும், இரண்டையும் பிசைந்து ஒன்றாக்கிச் சாப்பிட்டார். நான் தடுக்கவில்லை. ‘சிக்கலான சுவை’ என்றார்.

கூட்டம் நடந்த இடத்தின் பெயர் வேண்டாம். பெரிய அரங்கம், சின்ன காபி. முதல் நாள் பேசியவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியில் ஆரம்பித்தார்கள். முப்பது வருஷத்துக்கும் முன்பு மனிதன் நிலாவுக்குப் போனான், குதித்தான், கல் பொறுக்கினான், வந்துவிட்டான். அப்புறம் ஏன் போகவில்லை? இனிமேல் போவதென்றால் பார்த்துவிட்டு வருவதற்கு இல்லை, இருப்பதற்குப் போக வேண்டும் என்றார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. ஸ்ரீராம்புரத்தில் சலூன் ரேடியோவைச் சுற்றி ஊரே நின்றது. பாதிச் சவரத்தோடு ஒருவர் வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்மா இடுப்பில் குடத்தோடு வந்தவள், ‘போனவங்க திரும்பி வந்துடுவாங்க இல்ல?’ என்று மட்டும் கேட்டாள். வந்துவிடுவார்கள் என்று யாரோ சொன்ன பிறகுதான் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இரண்டாம் நாள் சூடு பிடித்தது. நிலாவின் தென்முனையில் சூரியனே எட்டிப்பார்க்காத பள்ளங்கள் இருக்கின்றன. அங்கே பனிக்கட்டி இருக்கலாம் என்று நம்புகிறார்கள். அந்தப் பள்ளங்களின் விளிம்பிலேயே, அநேகமாக எந்நேரமும் வெயில் அடிக்கும் மேடுகளும் உண்டு. தண்ணீரும் வெளிச்சமும் பக்கத்தில் பக்கத்தில். எனவே அத்தனை பேருக்கும் அதே இடம்தான் வேண்டும். முதலில் போய்ச் சேர்கிறவனுக்குத்தான் தண்ணீர் என்றார் ஒருவர். அப்படியானால் பின்னால் வருகிறவன் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருப்பானா என்றார் இன்னொருவர். குரல்கள் உயர்ந்தன. இன்னும் பார்க்காத தண்ணீருக்கு இவ்வளவு சண்டை. தண்ணீர்ச் சண்டை எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தண்ணீருக்காக இந்த ஊர் பற்றி எரிந்தது. அப்போது நான் பீன்யாவில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை பார்த்தேன். தமிழ்க்காரர்கள் வீடு வீடாகக் காலி செய்துகொண்டு கிளம்பினார்கள். எங்களைக் கன்னடக்காரி ரத்னம்மாதான் தன் வீட்டு உள்ளறையில் வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டாள். கலவரம் கொஞ்சம் அடங்கியதும் ஊருக்குப் போக வேண்டாம் என்று இருந்துவிட்டோம். அம்மா வழக்கம்போல மத்தியானமே நல்லியடியில் குடத்தை வரிசை போட்டுவிட்டு வந்தாள். குழாயை அந்த ஊரில் நாங்களும் நல்லி என்றுதான் சொல்வோம். தண்ணீர் சாயங்காலம் வரும். அதற்குள் மறுபடி ஏதோ புரளி கிளம்பிவிட்டது. ரத்னம்மாவும் அவள் புருஷனும் முன்னும் பின்னும் நடந்து, ஒக்கலிபுரம் பாலத்தடி வழியாக எங்களை ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டார்கள்.

ரயில் பங்காருப்பேட்டை தாண்டும்போது அம்மா அழ ஆரம்பித்தாள். ‘கொடம் வரிசையில நிக்குதுடா’ என்றாள். பீரோ போயிற்று, சைக்கிள் போயிற்று, என் வேலை போயிற்று. அவள் குடத்துக்கு அழுதாள். திருப்பத்தூர் வந்து சேரும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் பெங்களூர் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானக் கூட்டத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஸ்ரீராம்புரம் கிளம்பினேன். மோரியும் தொற்றிக்கொண்டார். ஏறும்போதே மழை. ஆட்டோக்காரர் தமிழர்.

“சார், ஒக்கலிபுரம் பிரிட்ஜுல தண்ணி நின்னுகினு இருக்கும். ராஜாஜி நகர் சைடா சுத்திகினு போய்டலாம்.”

“நான் இந்த ஊர்லயே பொறந்தவம்பா. நேராப் போ.”

பாலத்துக்கு நட்டநடுவில் ஆட்டோ இருமியது, நின்றது. தண்ணீர் உள்ளே வந்தது. மேலே ரயில் ஒன்று தடதடத்துக்கொண்டு போனது. ஆட்டோக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“இந்த ஊர்ல பொறந்தவர்னு சொன்னீங்களே சார்.”

மோரி காலணிகளைக் கழற்றி நாடாக்களை முடிந்து கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டார். மூன்று பேருமாக ஆட்டோவைத் தள்ளினோம். அதே பாலத்தடி. அன்றைக்கு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய இடத்தில், ஒரு ஜப்பானியரோடு முழங்கால் தண்ணீரில் ஆட்டோ தள்ளுகிறேன். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மழையில் எது எது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வட்டாரம் அப்படியேதான் இருந்தது. வட்டாரம் என்றால் ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாக ஒற்றையறை வீடுகள், முகப்பில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நல்லி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாயங்காலம் தண்ணீர். நாங்கள் போனது தண்ணீர் நாள். பச்சை, நீலம், சிவப்பு என்று குடங்கள் வரிசையில் நின்றன. நல்லிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ரத்னம்மா உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

“சேகரு! சென்னாகிதியாப்பா, நல்லா இருக்கியா? தலமுடியெல்லாம் எங்கடா பூட்ச்சி? இவுரு யாரு, கழுத்துல செருப்பு போட்டுகினு?”

“கூட வேலை பாக்கறவரு, அத்தை. ஜப்பான்.”

“பாவம், நனஞ்சிட்டாரே. குந்தச் சொல்லு, காபி கொடுக்கறேன்.”

மோரி ஸ்டூலில் உட்கார்ந்து காபியைக் குடித்தார். நல்லி சீறியது, தண்ணீர் வந்தது. ரத்னம்மா ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். குடங்கள் நிறைந்து நகர்ந்தன. மூன்றாவதாக அவள் கூப்பிட்ட பேரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“பச்சம்மா!”

பச்சையம்மா என் அம்மாவின் பெயர். அந்த வட்டாரத்தில் வேறு பச்சையம்மா கிடையாது.

இடுப்பில் கைக்குழந்தையோடு ஒல்லியான ஒரு பெண் முன்னால் வந்தாள். குடத்தை நல்லியில் வைப்பதற்கு முன்பு ஒரு கை தண்ணீர் பிடித்து, கண்ணை மூடி, தரையில் விட்டாள். பிறகுதான் குடத்தை வைத்தாள். அவள் பெயர் சாவித்ரி, புருஷன் கட்டட வேலை, ராய்ச்சூர்ப் பக்கத்திலிருந்து வந்து சில மாதம்தான் ஆகிறது என்று ரத்னம்மா சொன்னாள்.

எதற்குத் தரையில் தண்ணீர் விட்டாய் என்று கன்னடத்தில் கேட்டேன். என் கன்னடம் துருப்பிடித்திருந்தாலும் அவளுக்குப் புரிந்தது.

“பச்சம்மாவுக்குத்தான். அவர் இடத்தில் நின்று தண்ணீர் பிடிக்கிறேன். செத்துப்போனவருக்கு ஒரு கை தண்ணீராவது விட வேண்டாமா?” என்றாள் கன்னடத்தில்.

“அவங்க சாகலைம்மா. என் அம்மாதான். நேத்துகூட போன்ல என்னோட சண்டை போட்டாங்க.”

சாவித்ரி வாயைப் பொத்திக்கொண்டாள். ரத்னம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“நீங்க போன அன்னிக்கி சாயங்காலம் நல்லி வந்துச்சி. உங்கம்மா கொடம் வரிசையில நின்னுகினு இருக்குது. அத்த எப்பிடிடா நவுத்தறது? ரொப்பி உங்க வாசல்ல வெச்சேன். அடுத்த தபா நானே போட்டேன். ஒரு மாசம் அப்பிடியே ஓட்னேன். அப்பால பிஜாப்பூர்லேந்து ஒரு குடும்பம் புதுசா வந்துச்சி. புதுசா வந்தவங்கள கடேசியிலதான நிக்க வெப்பாங்க, அவங்க வரதுக்குள்ள நல்லி நின்னு பூடும். கைக்கொழந்தைக்காரி. சரி, பச்சம்மா சரதியில புடிச்சிக்கோன்னேன். அவங்க வேற எடத்துக்குப் பூட்டாங்க, அடுத்து வேற யாரோ வந்தாங்க. யாரு புதுசா வந்தாலும் மொதல்ல பச்சம்மா சரதிதான்.”

சரதி என்றால் முறை. அம்மாவின் முறை காலியாகவே இல்லை. எங்களைத் துரத்திய ஊரில், வந்து சேர்ந்த எத்தனையோ பேர் அதில் நின்று தண்ணீர் குடித்திருக்கிறார்கள்.

ரத்னம்மா எங்கள் பழைய அறையைத் திறந்து காட்டினாள். அப்பாவின் படம் மாட்டிய ஆணி அதே சுவரில் இருந்தது. ஸ்டவ் வைத்த மூலையில் கரி. இதற்குள் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் எப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. ஆனால் இருந்தோம், நன்றாகவே இருந்தோம்.

வெளியே வந்தபோது சாவித்ரி நிறைந்த குடத்தை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

“அந்த அம்மா திரும்பி வரப்போகிறாரா?”

“இன்னும் முடிவாகல.”

“வந்தால் நான் கடைசிக்குப் போக வேண்டுமா?”

குழந்தை அவள் தாலிக்கயிற்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. எனக்கு வேண்டிய காரணம் கிடைத்துவிட்டது. உன் இடத்தில் ஒரு பிள்ளைக்காரி நிற்கிறாள், நீ வந்தால் அவளைத் தள்ளிவிட்டுத்தான் வர வேண்டும். இதைச் சொன்னால் அம்மா மறுபேச்சு பேசமாட்டாள். திரும்பும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனதுக்குள் பழகிக்கொண்டே வந்தேன். ராஜாஜி நகர் சுற்றித்தான் வந்தோம்.

மூன்றாம் நாள் என் முறை. சிறுநீரும் வியர்வையும் மூச்சுக்காற்றின் ஈரமும் எப்படிக் குடிநீராகும் என்று விளக்கினேன். இன்றைய காபிதான் நாளைய காபி என்றேன், சிரித்தார்கள். கடைசியில் எல்லோருமாக உட்கார்ந்து, முதலில் எதை அனுப்புவது என்று விவாதித்தார்கள். ஆளைத்தான் என்றார் ஒருவர். கொடி நாட்ட ஆள் வேண்டாமா? மோரி கையைத் தூக்கினார்.

“ஆள் கடைசியில் போகட்டும். வீடும் மின்சாரமும் தண்ணீரும் முன்னால் போய்க் காத்திருக்க வேண்டும். வருகிறவர் முதலில் பார்ப்பது நிறைந்த தண்ணீர்த் தொட்டியாக இருந்தால், தங்குவார். இல்லாவிட்டால் போன தடவை மாதிரி திரும்பிவிடுவார்.”

யார் முதலில் என்ற பழைய சண்டை மறுபடி தொடங்கியது. ரத்னம்மாவின் நல்லியைப் பற்றிச் சொல்லலாமா என்று நானும் கையைத் தூக்கினேன். அதற்குள் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பிசிபேளா பாத் வாசனைக்கு முன்னால் நிலா நிற்கவில்லை.

சாப்பிட்டதும் தெருமுனை ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டேன். பழகி வைத்திருந்த வாக்கியத்தைத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் ஆரம்பித்ததும் எல்லாம் கொட்டிவிட்டது. குடம் வரிசையில் நின்றது, பிஜாப்பூர்க்காரி, சாவித்ரி, தரையில் விட்ட ஒரு கை தண்ணீர் எல்லாம் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

“உயிரோட இருக்கும்போதே எனக்குத் தண்ணி விட்டுட்டாளா? அவ கொழந்தைக்கு இன்னா வயசு?”

“தவழ்ற வயசு. நீ வந்தா அவ கடைசிக்குப் போகணும்மா. அதான்...”

“அவ ஏன்டா போவணும்? நான் போறேன் கடேசிக்கு. நானுந்தான புதுசா வரேன்.”

“கடைசியில நின்னா தண்ணி வராதும்மா. ரத்னம்மாவே சொல்றாங்க.”

“வராட்டி ரத்னம்மா ஒரு சொம்பு ஊத்தமாட்டாளா? எனக்கு ஒருத்திக்கு எவ்ளோ வேணும்? அதெல்லாம் வுடு. முடியுமா முடியாதா, அத்த சொல்லு.”

பூத்துக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘டேய், இருக்கியா?’ என்றாள் அம்மா. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் ‘வந்துட்டியா’ என்று கேட்க அவள் இருக்கமாட்டாள். எனக்கு அதுதான் பயம். அவள் வயசும் தனிமையும் நான் கண்டுபிடித்த சாக்கு.

“முடியும்மா” என்றேன்.

நான்காம் நாள் விமானம் இரவுதான். மத்தியானம் ஸ்ரீராம்புரம் கடைத்தெருவில் ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கினேன். ஆரஞ்சு நிறம், அன்றைக்கு விட்டுவந்ததும் அதே நிறம். கோட்டும் டையுமாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த என்னைத் தெருவே வேடிக்கை பார்த்தது. வரிசையில் கடைசிக் குடத்துக்குப் பின்னால் வைத்தேன்.

“யாருதுடா அது?” என்றாள் ரத்னம்மா.

“அம்மாவோடது அத்தை. வந்துகினு இருக்காங்க.”

ரத்னம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நல்லி சீறியது. முதல் பேர், இரண்டாம் பேர். மூன்றாவதற்கு ஒரு நொடி நிறுத்தினாள்.

“சாவித்ரி!”

அந்தப் பெண் தன்னைத்தானா என்று சுற்றிப் பார்த்துவிட்டு முன்னால் வந்தாள். பழக்கத்தில் ஒரு கை தண்ணீர் பிடித்துவிட்டாள். தரையில் விடப்போனவள் என்னைப் பார்த்தாள், ஆரஞ்சுக் குடத்தைப் பார்த்தாள். பிறகு அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு, ஈரக்கையால் குழந்தையின் வாயையும் நனைத்தாள்.

வரிசை நகர்ந்தது. தண்ணீர் மெலிந்துகொண்டே வந்து நூலாகிவிட்டது. கடைசியில் ஆரஞ்சுக் குடம் மட்டும் நின்றது.

“பச்சம்மா!” என்று வட்டாரத்துக்கே கேட்கும்படி கூப்பிட்டாள் ரத்னம்மா.

நான் போய் நல்லியடியில் குடத்தைப் பிடித்தேன். அரைக் குடம்தான் வந்தது. அதைக் கொண்டுபோய் அந்தக் காலி அறையில், கரி படிந்த மூலையில் வைத்து மூடிவிட்டு, விமானத்துக்குக் கிளம்பினேன்.